குறுக்குக்கோடு போட்ட பூனை

எங்கள் பூனைக்கு இழுப்பு வந்தது டாக்டர் கொடுத்த மருந்தால் அல்ல. நான் போட்ட மருந்தால். இதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமலே ஒரு கார்த்திகையையும் மார்கழியையும் கடத்திவிட்டேன். திருநெல்வேலி டவுணில், கீழ ரத வீதியிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் முடுக்கில் யாரைக் கேட்டாலும், "அந்த டாக்டரம்மா போட்ட மருந்துலதான பூனை அந்தத் துடி துடிச்சிது" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல விட்டுவிட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நான்.

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் அது எங்கே போனதென்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் அதை நேர்மை என்றார்கள். நானும் மறுக்கவில்லை. இப்போது யோசித்தால் அதில் பாதி பயம், மீதி கருமித்தனம். ஓய்வுக்குப் பிறகு பயம் போய்விட்டது. மற்றது அப்படியே இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்த சமயம், வீட்டம்மாளுக்குக் கணுக்காலில் வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. கொசுதான் என்று கொசுவத்தி வாங்கி வைத்தோம். பூனையோ ராவும் பகலும் சொறிந்து, வாலடியில் மயிர் கொட்டித் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கொண்டுபோயிருக்கலாம். காலையில் கிளம்பச் சோம்பல். வயர் கூடைக்குள் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, சாயங்காலமாக ஆட்டோவில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். சின்ன வயசு. என் மகளைவிட இரண்டு வயசு கூட இருந்தால் அதிகம்.

அவர் பூனையின் முதுகைப் பல் நெருங்கிய சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஊறியது. "இது மண்ணு இல்ல சார். தெள்ளோட கழிவு. பூனையோட ரத்தம்தான் இது" என்றார். வாலடியில் வெள்ளரி விதை அளவில் வெள்ளையாக ஒட்டியிருந்ததையும் காட்டினார். நாடாப்புழுவின் துண்டு. பூனை தன்னை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடும், தெள்ளின் வயிற்றில் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், மயிரை விலக்கிச் சின்னக் குழாயிலிருந்து சொட்டு மருந்து விட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். நல்ல பொறுமையாகச் சொன்னார். நான் பாதிதான் கேட்டேன். என் கண் மேஜை மேல் இருந்த பில்லில் இருந்தது. குழாய் மட்டும் நானூற்றுச் சொச்சம். ஒரு தேக்கரண்டி கூட வராத திரவத்துக்கு நானூறு என்றால் லிட்டர் என்ன விலை என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"பூனை மேல நீங்க பாக்கது நூத்துல அஞ்சுதான் சார். மிச்சம் தொண்ணூத்தஞ்சும் உங்க வீட்டுல கெடக்கு" என்றது காதில் விழுந்தது. மற்றதைப் பின்னால் நானாகப் படித்துத்தான் சேர்த்துக்கொண்டேன். பெட்டைத் தெள்ளு ஒன்று நாளைக்கு நாற்பது ஐம்பது முட்டை இடும். முட்டை மயிரில் ஒட்டாது, வழுக்கி உதிரும். பூனை படுத்த இடம், குதித்த இடம், சுருண்ட இடமெல்லாம் முட்டை. அதிலிருந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. தரை வெடிப்பு, பாயின் அடிப்பக்கம், மெத்தை மடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். மேலே ரத்தம் குடிக்கும் பெரிய தெள்ளு போடும் அந்தக் கறுப்புக் கழிவுதான் கீழே இருக்கும் புழுவுக்குச் சாப்பாடு. அப்புறம் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் இருக்கும்வரை எந்த மருந்தும் அதை லேசில் அண்டாது. மாதக்கணக்கில் கூட அப்படியே கிடக்கும். பக்கத்தில் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் ஆள் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு வெளியே துள்ளும்.

"அதனால ரெண்டு மூணு வாரம் புதுசு புதுசா வரத்தான் செய்யும். மருந்து வேலை செய்யலன்னு நெனச்சிராதீங்க" என்றும் சொன்னாராம். சொன்னாராம் என்கிறேன், ஏனென்றால் இது என் மனைவிக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இல்லை. தினமும் மூலைமுடுக்கெல்லாம் கூட்ட வேண்டும், பூனை படுக்கும் துணியை வெந்நீரில் அலச வேண்டும், பாயையெல்லாம் வெயிலில் போட வேண்டும். புழுவுக்கு ஈரப்பதம் குறைந்தால் உயிர் நிற்காது. "சித்திரையா இருந்தா தட்டட்டியில ரெண்டு நாள் போட்டாலே பாதி சோலி முடிஞ்சிரும். இது ஐப்பசி, வெயில் அடிக்கப்போ பிடிச்சிக்கணும்." இரண்டு நாளைக்குப் பிடரியை நனைக்கக் கூடாது என்பது கடைசி.

மறுநாள் காலையிலேயே அந்தப் பிடரியை ஈரத் துணியால் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, தார்சாவில் கிடந்த என் சாய்வு நாற்காலித் துணியில் ஒட்டிவிடும் என்பதற்காக. மனைவி கூட்டினாள், அலசினாள். பாய் என் பொறுப்பு. கீழே கிடந்த கோரைப் பாய்களைத் தட்டட்டிக்குத் தூக்கிப் போட்டேன். மச்சில் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் கொடுத்த பத்தமடைப் பட்டுப் பாய், பட்டு போலவே மடங்கும். அதன் சுருளுக்குள்தான் பூனை பகல் முழுக்கத் தூங்கும் என்பது எனக்குத் தெரியும். ஏணி ஏற முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். அதே முழங்காலோடு அந்த வாரம் குறுக்குத்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் குளித்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை பிறந்தபோது பூனை மறுபடி சொறிந்தது. கூட்டிலிருந்து புதிதாக வந்தவை. அவற்றைக் கொல்ல வேண்டிய மருந்தில் பாதியை நான் துடைத்துவிட்டிருந்தேன். அப்போது எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். நானூறு ரூபாய் போச்சே. மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனால் இன்னொரு நானூறு, ஆட்டோ வேறு.

எதிர்வீட்டு அண்ணாச்சி ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். உண்ணிக்கு அவர் போடும் சொட்டு மருந்தில் ஒரு குழாய் மிச்சம் இருந்தது. "நாய்க்குள்ளது அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்றுதான் கொடுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. தம்பி வீட்டு நாய்க்கு என்று நான் சொன்ன பொய்யை நம்பிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பூனைப் படம் இருந்தது. அதன் மேல் குறுக்குக்கோடு. கவனிக்கவில்லை என்று சொல்ல இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பூனைக்குத் தனியாக ஒன்றை விற்கத்தான் கம்பெனிக்காரன் இப்படிப் போடுகிறான் என்று முடிவு கட்டினேன். பிறகு கணக்குப் போட்டேன். நாய் இருபத்தைந்து கிலோ, பூனை மூன்றரைக் கிலோ. ஏழில் ஒரு பங்கு. அதைத்தான் விட நினைத்தேன், குழாயை அழுத்தியதில் கொஞ்சம் கூடவே விழுந்தது.

வகுத்தல் சரி, கல்லீரல்தான் வேறு. அந்த நாய் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தது. சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இயற்கையாக இருக்கும் பூச்சிக்கொல்லியைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்த சரக்கு. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய நொதி சரியாக வேலை செய்யாது, அதனால் விஷம் உடம்பிலேயே தங்கி நரம்பைப் பிடித்து உலுக்கும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதும் இதே வகைக் குறையால்தான். பூனைக் குடும்பத்துக்கே உள்ள குறை என்கிறார்கள். முண்டந்துறைப் புலியும் சேர்த்தி. எடையைப் பார்த்து வகுத்த எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை, அந்தக் குறுக்குக்கோடே போதும்.

மத்தியானம் விட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் காது துடித்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நின்று பாதத்தை உதறிக்கொண்டே இருந்தது. எட்டு மணிக்கு உடம்பு முழுக்க நடுக்கம், வாயில் நுரை, தொட்டால் சுட்டது. "என்னங்க, இங்க வாங்க, இதுக்கு என்னமோ ஆவுது" என்று மனைவி கத்தினாள். எனக்கு என்ன ஆகிறது என்று அப்போதே தெரியும்.

மழையில் ஆட்டோ ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தில் போனபோது மடியில் கூடை அதிர்ந்துகொண்டே இருந்தது. 1843இல் அந்த மனுஷன் தன் கைக்காசைப் போட்டுத் தாமிரபரணி மேல் கட்டிக் கொடுத்த பாலம். அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். அன்றைக்கு நான் யோசித்தது, டாக்டர் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும்தான்.

கேட்டார். "என்ன போட்டீங்க?"

"நீங்க குடுத்ததுதான் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல."

பிடரி மயிரை விலக்கிப் பார்த்தார். முகர்ந்தார். அவர் போட்டது எப்போதோ காய்ந்திருக்க வேண்டும், இதுவோ பிசுபிசுவென்று இருந்தது. "நாய்க்குள்ள மருந்து எதுவும் படலையே?" என்று இரண்டாவது தடவை கேட்டார். "சே சே" என்றேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை. உள்ளே திரும்பி, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டுவரச் சொன்னார். சூடாக இருந்தால் தோல் இன்னும் மருந்தை இழுக்கும், பச்சைத் தண்ணீரில் உடம்பு குளிர்ந்து நடுக்கம் கூடும். அந்த இளஞ்சூட்டில் பூனையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நடுக்கத்தை அடக்க ஊசி, பிறகு டிரிப். இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. உடம்பிலிருந்து கழுவுவதும், அது தானாக இறங்கும்வரை உயிரைப் பிடித்து வைப்பதும்தான் வைத்தியம்.

என் பேச்சை நம்பியிருந்தால் அவர் கழுவியிருக்க மாட்டார். வலிப்பு நோய் என்று நினைத்து ஊசியோடு விட்டிருப்பார், மயிரில் இருந்த மிச்ச மருந்தும் உள்ளே இறங்கியிருக்கும். பூனை பிழைத்தது, அவர் என்னை நம்பாததால். என் மனைவி முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனைவி சொன்னாள், "அன்னைக்கு இவ போட்டாள்லா, அந்த மருந்துதான் உள்ள எறங்கி இப்பிடிப் பண்ணுது." நான் "இருக்கும்" என்றேன்.

ஐந்து எழுத்து. இந்த முடுக்கில் அந்தப் பெண்ணின் பெயர் கெட்டது அந்த ஐந்து எழுத்தில் தொடங்கியது.

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. பூனையைத் திரும்பக் கூட்டிவரப் போன நாள், பில்லைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். உங்கள் மருந்தால் வந்த செலவுதானே என்று வாயால் சொல்லவில்லை, குரலில் வைத்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பேனாவை எடுத்துத் தன் ஃபீஸை அடித்துவிட்டார். மருந்து விலை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கினேன்.

அதற்கப்புறம் ராத்திரிகளில் செல்போனை வைத்துக்கொண்டு தெள்ளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பரிகாரம் என்று நினைத்தேனோ என்னவோ. பம்பாயில் 1896இல் பிளேக் வந்தபோது ஜனங்களின் வீட்டையும் அழுக்கையும் துணிமணியையும்தான் குற்றம் சொன்னார்களாம். 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோய் பிடித்த எலியையும் நல்ல எலியையும் நடுவில் கம்பி வலை வைத்து ஒரே ஜாடிக்குள் விட்டார். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. தெள்ளு மட்டும் வலை தாண்டிக் குதித்தது. நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. அதை அவர் எழுதி வெளியிட்ட பிறகும் பல வருஷம் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அது எலித் தெள்ளு, எங்கள் வீட்டில் இருப்பது வேறு இனம், பிளேக்குப் பயம் இல்லை. ஆனால் பழி ஒரு பக்கமும் காரணம் ஒரு பக்கமும் கிடந்ததைப் படித்தபோது செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இவ்வளவு படித்த பிறகுதான் மச்சுக்கு ஏறினேன். பத்தமடைப் பாயைத் தட்டட்டியில் கொண்டுபோய்ப் பிரித்தேன். உள்ளே மயிர்ப் பந்து, கறுப்புத் தூள், அரிசி நொய் அளவுகூட இல்லாத வெள்ளை முட்டைகள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து ஓடிய புழுக்கள். டாக்டர் சொன்ன தொண்ணூற்றைந்தில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது ஆச்சி வீட்டுக் குட்டிகள்.

முடுக்கின் கடைசி வீட்டு ஆச்சி தனியாக இருக்கிறாள். கார்த்திகையில் ஒரு தெருப்பூனை அவள் வீட்டு விறகறையில் மூன்று குட்டி போட்டிருந்தது. தாய்க்கும் குட்டிகளுக்கும் தெள்ளு மொய்த்தது. எங்கள் டாக்டரிடம் காட்டலாம் என்று ஆச்சியே மனைவியிடம் வழி கேட்டாள். மனைவி தனக்குத் தெரிந்ததை, அதாவது நான் தெரியவைத்ததைச் சொன்னாள். "வேண்டாம் ஆச்சி, அந்தம்மா மருந்துல எங்க பூனை சாவக் கெடந்து பொழச்சிருக்கு." நான் அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஆச்சி போகவில்லை. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தாய்ப்பூனைக்குத் தடவினாள். அது நக்கி நக்கி வாந்தி எடுத்தது, தெள்ளு போகவில்லை.

கையளவுக் குட்டியின் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடும்? ஈறும் நாக்கும் வெளுத்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் இரண்டு குட்டி செத்தன. எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு அந்தக் கழுத்துச் சொட்டு மருந்து ஆகாதுதான். ஆனால் டாக்டரிடம் போயிருந்தால் தாய்க்கு என்ன போடலாம், படுக்கையை எப்படி மாற்றலாம் என்று சொல்லியிருப்பார். குட்டிகளைப் பேன் சீப்பால் வாரிச் சோப்புத் தண்ணீரில் தட்டினாலே முக்கால்வாசித் தெள்ளு போயிருக்கும். பேன் சீப்பு ஆச்சி வீட்டு மாடத்திலேயே இருந்தது. அந்தக் குட்டிகளை நாராயணன் கூப்பிட்டுக்கொண்டான் என்று ஆச்சி என்னிடமே சொல்லி வருத்தப்பட்டாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை பிறந்து, மிஞ்சின குட்டிக்கு மருந்து போடும் வயசு வந்துவிட்டது. குட்டியை எடை போட்டு, அதன் வயசுக்கும் எடைக்கும் ஆன பூனைக் குழாய் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். விலை கேட்கவில்லை என்று பெருமையாகச் சொல்ல வந்தேன், கேட்டேன். ஆச்சி குட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்யா. ஒன் பூனை பட்ட பாடு போதும். இது ஒண்ணுதான் இருக்கு."

அப்போதுதான் சொன்னேன். நாய் மருந்து, குறுக்குக்கோடு, "சே சே" எல்லாம். ஆச்சி உடனே ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பம் அந்தப் புள்ள மேல தப்பே இல்லியா?"

"இல்ல ஆச்சி."

"நீ இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தூக்கிட்டுப் போயிருப்பேம்லா?"

"ஆமா ஆச்சி."

குட்டியை முந்தானையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிடரி மயிரை அவளே விலக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் என் வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுக்களையிலிருந்து வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்னைக்கு பில்லுல கொறைக்கச் சொன்னியள்லா?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி அவள் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள், பேச்சு இல்லை. அடுத்த நாள் கீழ ரத வீதிக் கடையில் அவளே நாலு பேரிடம் டாக்டர் மேல் தப்பில்லை என்று சொன்னாளாம். யார் தப்பு என்று அவர்கள் கேட்டதற்கு, "எங்க வீட்டுல உள்ளவுகதான்" என்றாளாம்.

குட்டிக்கு அடுத்த குழாய் ஒரு மாதம் கழித்து. அதற்குள் நான் பாளையங்கோட்டைக்குப் போய் அந்த டாக்டர் முன்னால் நின்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அடித்த ஃபீஸையும் கட்ட வேண்டும் என்று ஆச்சி கெடு வைத்திருக்கிறாள். என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு நம்பிக்கை இல்லை. கூட வருகிறாளாம், ஆட்டோ என் செலவு.